அப்பா வயது எஸ்.எஸ்.ஐ.யிடம் வேலை வாங்குவது எப்படி?

வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமப்புறக் காவல் நிலையத்தில் சேர்ந்து நான்கு மாதமான உதவி ஆய்வாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 27. நேரடித் தேர்வில் வந்தவன். என்னிடம் வேலை செய்யும் எஸ்.எஸ்.ஐ.க்கு (சிறப்பு உதவி ஆய்வாளர்) என் அப்பா வயது. எதைச் சொன்னாலும் 'சரிங்க ஐயா' என்கிறார், ஆனால் வேலை நடப்பதில்லை. ஏட்டுகளும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நகர்கிறார்கள். முதல்நிலை மேற்பார்வை அதிகாரிகளுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி எங்கே கிடைக்கும்? நல்ல படிப்பு ஏதாவது சொல்லுங்கள்."

தம்பி, எந்தப் படிப்பு என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, கத்தாமலும், விளக்கம் கேட்டு மெமோ போடாமலும் உங்களைவிட அனுபவம் உள்ளவர்களை எப்படி நடத்திச் செல்வது என்பதைத்தான். ஓராண்டுப் பயிற்சியில் இதை ஏன் யாரும் சொல்லித் தரவில்லை என்ற ஆதங்கமும் அதில் தெரிகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். நானும் நேரடி எஸ்.ஐ.யாகச் சேர்ந்து துணைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன்தான். சேவையில் பெரும்பகுதி பழைய வட ஆற்காட்டு எல்லைக்குள்ளேயே கழிந்தது. நடுவில் சில ஆண்டுகள் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் காவலர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநராக இருந்தேன். ஆராய்ச்சியில் நிறுவப்பட்டது எது, என் அனுபவம் மட்டும் சொல்வது எது என்று பிரித்தே எழுதுகிறேன். அனுபவம் என்று சொல்வதை உங்கள் நிலையத்தில் பொருத்திப் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் எஸ்.எஸ்.ஐ. எந்த வழியில் அந்த இடத்துக்கு வந்தார் என்று பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து 10 ஆண்டில் முதல் நிலை, அதற்கு மேல் 5 ஆண்டில் ஏட்டு, அதற்கும் மேல் 10 ஆண்டில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பது நீண்ட காலம் நடந்துவந்த கணக்கு. அவர் சேர்ந்த காலத்தில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் ஒரே மாவட்டம். 2019இல்தான் மூன்றாகப் பிரிந்தது. பேரணாம்பட்டிலிருந்து அரக்கோணம் வரை ஒரே எஸ்.பி.யின் கீழ் ஓடியவர் அவர். பாலாற்று மணலுக்கும், அணைக்கட்டுப் பக்கத்து மலையடிவாரச் சாராயத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி பந்தோபஸ்துக்கும் கணக்கில்லாத இரவுகள் விழித்தவர். தோளில் நட்சத்திரம் ஏறிய நாளில் அவருடைய வேலை பெரிதாக மாறியிருக்காது. நேற்று ஏட்டாகச் செய்ததையே இன்று எஸ்.எஸ்.ஐ.யாகச் செய்கிறார். 'இனிமேல் நீங்கள் நான்கு பேரை நடத்த வேண்டியவர், அதற்கு இதெல்லாம் தெரிய வேண்டும்' என்று யாரும் அவரை உட்காரவைத்துப் பேசியிருக்க மாட்டார்கள். நான் பார்த்தவரை, ஓரிரு நாள் வகுப்பு நடந்தாலும் அது சட்டப் பிரிவுகளைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

உங்களுக்கும் ஏறக்குறைய அதேதான். ஊனமாஞ்சேரி அகாடமியில் ஓராண்டு இருந்தீர்கள். சட்டம், கவாத்து, துப்பாக்கிப் பயிற்சி, தடய அறிவியல், கேஸ் டைரி எழுதுவது எல்லாம் வந்திருக்கும். இருபது பேரின் சேவையும் மனநிலையும் உங்கள் கையில் வரப்போகிறது என்பதற்கான பயிற்சி மிகக் குறைவு. ஒரு கொலை வழக்கை எப்படி விசாரிப்பது என்று மாதக்கணக்கில் படிக்கிறோம். தூக்கமில்லாமல் மூன்றாம் நாள் பணிக்கு வந்து நிற்கும் காவலரிடம் என்ன பேசுவது என்று ஒரு மணி நேரம்கூடப் படிப்பதில்லை. மேற்பார்வை ஒரு தனித் தொழில், தம்பி. நல்ல காவலர் தானாகவே நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடுவார் என்று துறை நினைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் எஸ்.எஸ்.ஐ.யும் நீங்களும் அந்த நினைப்பின் இரண்டு முனைகளில் நிற்கிறீர்கள். அவர்மேல் உங்களுக்குள்ள வருத்தம் இதைப் புரிந்துகொண்டால் கொஞ்சம் இறங்கும் என்று நம்புகிறேன்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய இரண்டு நகரங்களில் ரோந்துக் காவலர்களோடும் அவர்களுடைய நேரடி மேலதிகாரிகளோடும் ஆராய்ச்சியாளர்கள் கூடவே சுற்றிக் குறிப்பெடுத்தார்கள். அதை வைத்து ராபின் ஏங்கல் எழுதிய அறிக்கை 2003இல் வெளிவந்தது. மேற்பார்வையாளர்களை அவர் நான்கு வகையாகப் பிரித்தார். அதில் ஒரு வகையினர் மேசையில் உட்காராமல் களத்தில் காவலரோடு சேர்ந்தே வேலை செய்பவர்கள். காவலர்களின் நடத்தையை மாற்றும் வலு இவர்களுக்குத்தான் இருந்தது. சொல்லாமலே வேலையை எடுத்துச் செய்வது இவர்களிடம் இருந்த காவலர்களிடம் அதிகம். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. இந்த வகை அதிகாரிகளும் அவர்களுடைய ஆட்களும் மற்றவர்களைவிட அதிகமாக பலத்தைப் பயன்படுத்தினார்கள். கூட நிற்கும் அதிகாரி எதைச் செய்கிறாரோ அது நல்லதானாலும் கெட்டதானாலும் கீழே அப்படியே பரவுகிறது. நான் இதைப் படித்தது பணியின் பிற்பகுதியில். படித்தபோது பல பழைய முகங்கள் கண்முன் வந்தன.

நம் நாட்டிலேயே ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. ராஜஸ்தான் காவல்துறையோடு சேர்ந்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரும், அங்கே காவல் உயரதிகாரியாக இருந்த நினா சிங்கும், வேறு சிலரும் 11 மாவட்டங்களில் 162 காவல் நிலையங்களில் செய்தது. அடிக்கடி இடமாற்றம் செய்வதை நிறுத்துவது, காவலர்களுக்குப் பயிற்சி, வார விடுப்பும் பணிச் சுழற்சியும், ஊர் மக்களை நிலையத்தில் பார்வையாளராக உட்காரவைப்பது என்று பலவற்றை முயன்றார்கள். பயிற்சியும் இடமாற்ற நிறுத்தமும் பலன் தந்தன. புகார் கொடுத்தவர்களின் திருப்தி கூடியது. வார விடுப்பும் சுழற்சியும் பார்வையாளர் திட்டமும் பலன் தரவில்லை. காரணம், அவை நாள்தோறும் நிலைய அதிகாரி மனம் வைத்து நடத்த வேண்டியவை. அவர்கள் மனம் வைக்கவில்லை, திட்டம் காகிதத்தில் நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் 2021இல் காவலர்களுக்கு வார விடுப்பு ஆணை வந்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஆணை தலைமைச் செயலகத்தில் பிறக்கிறது. ஒரு காவலர் அந்த ஞாயிற்றுக்கிழமை தன் பிள்ளையோடு இருக்கிறாரா என்பது உங்கள் நிலையத்தின் டூட்டி நோட்டில்தான் முடிவாகிறது.

மூன்றாவது, சியாட்டில் நகரில் நடந்து 2018இல் வெளியான ஒரு சோதனை. பதற்றமான பகுதிகளில் வேலை செய்யும் காவலர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, மேலதிகாரி கூப்பிட்டுப் பேசினார். தண்டிப்பதற்காக அழைக்கவில்லை. அண்மையில் போய்வந்த ஒரு சாதாரணச் சம்பவத்தை எடுத்து, அங்கே என்ன நடந்தது, நீ என்ன நினைத்தாய், வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டு, குறுக்கிடாமல் காதுகொடுத்தார். அவ்வளவுதான். அடுத்து வந்த வாரங்களில் அந்தக் காவலர்கள் கைதுவரை போவதும் பலத்தைப் பயன்படுத்துவதும் குறைந்தன. வேலை செய்யும் அளவு குறையவில்லை. மேலதிகாரி காவலரிடம் எப்படிப் பேசுகிறாரோ அப்படித்தான் காவலர் மக்களிடம் பேசுகிறார் என்று நம் பெரியவர்கள் வாய்வழியாகச் சொன்னதற்கு எண்களில் கிடைத்த ஆதாரமாக நான் அதைப் பார்க்கிறேன். இது ஓர் அமெரிக்க நகரம், நம் நிலையங்களின் ஆள்பற்றாக்குறையும் அடுக்குமுறையும் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் இந்த ஒன்றைச் செய்ய அரசாணை வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு நாற்காலியும் அரை மணி நேரமும் போதும்.

இனி என் அனுபவம். நான் எஸ்.ஐ.யாகி முதல் தை மாதம், ஒரு கிராமத்தில் எருது விடும் விழா. நம் பக்கத்தில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஒவ்வொரு மாடாக விட்டு, எத்தனை நொடியில் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். கூட்டம் தடுப்புக்கு உள்ளேயே இறங்கி நிற்கும். காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆஜர் எடுக்கும் ரோல் காலில் நான் பந்தோபஸ்துத் தாளைப் படித்தேன். இன்னார் வாடிப்பக்கம், இன்னார் கோயில் முனை, இன்னார் ஓட்டம் முடிகிற இடம். "ஏதாவது சந்தேகம்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டேன். ஓட்டம் முடிகிற இடத்தின் அருகே ஒரு கிணற்றடிச் சந்து இருந்தது. அங்கே தடுப்பு கட்டவில்லை. பணிக்கு வந்து ஆறு மாதமான இரண்டு பையன்களைத்தான் நிறுத்தியிருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு மாடு அந்தச் சந்துக்குள் திரும்பியது. ஒரு பையனுக்குத் தொடையில் கொம்பு இறங்கியது. மூன்று மாதம் படுத்திருந்தான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் ஏட்டையா சொன்னார், "போன வருஷமும் மாடு அந்தச் சந்துலதாங்க ஐயா திரும்புச்சு." எனக்குக் கோபம் வந்தது. "முன்னாடியே ஏன் சொல்லல?" என்றேன். அவர் சத்தம் உயர்த்தாமல், "நீங்க கேக்கலீங்களே ஐயா" என்றார். அதில் எந்த நக்கலும் இல்லை. உண்மையைச் சொன்னார். கேட்காத அதிகாரியிடம் போய்ச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று முப்பது வருடத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பையன் பிறகு குணமாகி நல்லபடியாகப் பணியாற்றினான். ஆனாலும் அந்தக் காயத்துக்கு நான்தான் பொறுப்பு என்பதை இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ரோல் காலை மாற்றினேன். இன்று உங்களுக்குச் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் நிலையங்களில் ரோல் கால் என்பது ஆஜர் எடுப்பது, டூட்டி சொல்வது, யாராவது ஒருவரைத் திட்டுவது என்று முடிந்துவிடுகிறது. அந்தப் பத்து நிமிடம்தான் ஒரு மேற்பார்வையாளருக்குத் தினமும் கிடைக்கும் வகுப்பறை. முதலில் நேற்று நடந்த ஒன்றைப் பேசுவேன், அதுவும் நன்றாக நடந்ததைத்தான் முதலில். ஒரு பாட்டியின் புகாரைப் பொறுமையாகக் கேட்டு புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிய காவலரைப் பெயர் சொல்லிச் சொல்வேன். அடுத்து இன்றைய டூட்டி, அதோடு அதற்கான காரணம். 'கோயில் முனையில் இரண்டு பேர்' என்று நிறுத்தாமல், 'இரண்டு தெருக்காரர்களுக்கும் போன மாதம் தகராறு, இரண்டு ஊர்வலமும் அங்கேதான் சந்திக்கும், அதனால் இரண்டு பேர்' என்பேன். காரணம் தெரிந்த காவலர், நிலைமை மாறும்போது தானே முடிவெடுப்பார். தெரியாதவர் வயர்லெஸ் மைக்கில் உங்கள் குரல் வரும்வரை காத்துக்கொண்டிருப்பார். கடைசியாக, "இந்த இடம் யாருக்கு நல்லா தெரியும்?" என்று கேட்பேன். 'சந்தேகம் இருக்கா' என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அது அவர்களின் குறையைக் கேட்பதுபோல் ஆகிவிடும். யாருக்குத் தெரியும் என்று கேட்டால் எங்காவது ஒரு கை எழும். முதல் இரண்டு வாரம் ஒரு கையும் எழாமல் இருக்கலாம். எனக்கும் எழவில்லை. மூன்றாவது வாரம் அதே ஏட்டையாதான் முதலில் பேசினார்.

பயிற்சிப் பள்ளியில் இருந்தபோது இதைச் சொல்லிக்கொடுக்க நான் வெளியே எங்கும் உதாரணம் தேடவில்லை. வகுப்பு நடந்த கோட்டையே போதும். 1806இல் புதுத் தலைப்பாகை, நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று கோட்டையில் இருந்த ஆங்கிலேயப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்கு ஆணை வந்தது. அவர்களிடம் யாரும் அதைப் பேசிப் புரியவைக்கவில்லை. எதிர்த்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஜூன் மாதத்திலேயே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், உள்ளே சதி நடக்கிறது என்று எச்சரித்தார். கர்னல் அதை விசாரிக்கும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடம் விட்டார். அவர்கள் அவனுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள், முஸ்தபா பேக்கை அடைத்துவைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. அந்நிய ஆட்சிக்கு எதிரான எழுச்சி என்ற வகையில் அது நமக்குப் பெருமையான நாள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பயிற்சிக்கு வந்த ஏட்டுகளிடம் நான் கேட்பது வேறு: கீழே இருப்பவன் சொன்னது மேலே போகும் வழியில் நடுவில் எத்தனை பேர் கையில் சிக்கியது? உங்கள் நிலையத்தில் அந்த நடு ஆள் யார்? பெரும்பாலும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும், ஏனென்றால் அந்த நடு ஆள்கள்தான் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் உங்கள் எஸ்.எஸ்.ஐ. விஷயம். அவர் வேலை செய்யாமல் இருப்பது சோம்பலாகவும் இருக்கலாம். ஆனால் நான் பார்த்த பத்து பேரில் ஏழெட்டுப் பேருக்கு வேறு காரணங்கள். முழங்கால் வலி, சர்க்கரை நோய், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வாங்கிய கடன், முன்பிருந்த அதிகாரி எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியது, இத்தனை வருடம் உழைத்தும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற மனத்தாங்கல். அவரைத் தனியாக உட்காரவைத்து, டீ வரவழைத்து, "சார், இந்த ஊர்ல நான் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?" என்று கேளுங்கள். முதல் பேச்சில் வேலையைப் பற்றிக் குறை எதுவும் வேண்டாம். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் அவர் சொன்னதில் ஒன்றையாவது செய்து, அது அவருடைய யோசனை என்பதை ரோல் காலில் சொல்லுங்கள். தவறைச் சுட்டுவதென்றால் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள். மைக்கில் ஒருபோதும் வேண்டாம். மைக்கில் ஒருவரைத் திட்டினால் மாவட்டமே கேட்கிறது, அவர் மனைவியின் தம்பி வேறு நிலையத்தில் காவலராக இருந்தால் அவரும் கேட்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் அசையவில்லை என்றால், அல்லது புகார்தாரரிடம் காசுக்குக் கைநீட்டுகிறார் என்று தெரிந்தால், தயங்காமல் எழுத்தில் போங்கள். மரியாதை என்பதற்கு எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று பொருள் கிடையாது. ஆனால் முதல் மாதத்திலேயே மெமோவில் தொடங்கியவர்களுக்கு அதற்குப் பிறகு கையில் எதுவும் மிஞ்சாததைப் பார்த்திருக்கிறேன். நம் காவலர்கள் மெமோவுக்குப் பதில் எழுதுவதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள்.

உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய அதிகாரம் டூட்டி போடுவது. சட்டப் பிரிவுகளெல்லாம் அதற்குப் பிறகுதான். திருவண்ணாமலை பௌர்ணமி பந்தோபஸ்துக்கு ஒவ்வொரு மாதமும் அதே இரண்டு பேர் போகிறார்களா? குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் வெயிலில் நிற்பது யார், நிழலில் நிற்பது யார்? நிலைய எழுத்தரான ரைட்டருக்கு வேண்டியவர்களுக்கு இரவுப் பாரா காவல் எப்போதும் தப்பிவிடுகிறதா? ஒரு சின்ன நோட்டில் மூன்று மாதத்துக்கு இதைக் குறித்துப் பாருங்கள், நிலையத்தின் உண்மையான கோபம் எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். பிறகு டூட்டிப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள். பெண் காவலர்களுக்கு பந்தோபஸ்து போடும்போது கழிப்பறை எங்கே, இரவு எப்படி வீடு திரும்புவார்கள் என்பதை நீங்களே கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்களாக வந்து கேட்கட்டும் என்று இருந்தால் கேட்க மாட்டார்கள், எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள். இதை என்னிடம் சொன்னது என் கீழ் வேலை செய்த ஒரு பெண் எஸ்.ஐ. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

இப்போது கடினமான பகுதி. நிலையத்துக்குள் அழைத்துவந்த ஒருவர்மேல் கை வைக்கப்படும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில் கைதானவர்களில் ஆய்வாளர் முதல் காவலர் வரை எல்லா நிலையினரும் இருந்தார்கள். உதவி ஆய்வாளர்களும் இருந்தார்கள். அந்த நிலையத்தில் அன்று இரவு நடந்ததை நீதித்துறை நடுவரிடம் எடுத்துச் சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலர். கைது செய்யும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பு 1996இலிருந்து இருக்கிறது. எல்லா நிலையங்களிலும் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். நிலையமெங்கும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதி இல்லாததால் இது நடப்பதில்லை. அந்த நிமிடத்தில் "போதும், நிறுத்துங்க" என்று சொல்ல ஒரு வாய் இல்லாததால் நடக்கிறது. மேலதிகாரியிடம் அந்த வார்த்தையைச் சொல்வது மிகவும் கஷ்டம். அதனால்தான் அதைப் பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும் என்கிறேன். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் காவல்துறை 2016இலிருந்து சக காவலரின் தவறில் தலையிடுவதை ஒரு திறமையாகவே நடித்துக் காட்டிக் கற்றுத்தருகிறது. நான் பள்ளியில் இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தேன். ஒருவர் ஆய்வாளராக நடிப்பார், ஒருவர் ஏட்டாக. முதல் முறை ஏட்டாக நடித்தவர்களில் பெரும்பாலோருக்கு வார்த்தையே வரவில்லை. மூன்றாம் முறை, "ஐயா, நான் பாத்துக்கறேன், நீங்க வெளியே வாங்க" என்று ஒருவர் தோளைத் தொட்டு அழைத்துப் போனார். கௌரவமும் கெடவில்லை, அடியும் நின்றது. வகுப்பில் வந்த வார்த்தை நிலையத்திலும் வருமா என்பதை அளக்க என்னிடம் வழியில்லை. ஒரே ஒரு மாணவர் பல ஆண்டுகள் கழித்து காட்பாடி ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்து, வந்தது என்றார்.

நீங்களே செய்யக்கூடியது, யாரையாவது விசாரணைக்கு அழைத்துவந்திருந்தால் அவர் இருக்கும் அறைக்கு நேரம் சொல்லாமல் போவது, அவரிடம் இரண்டு வார்த்தை பேசுவது, சாப்பிட்டாரா என்று கேட்பது. இரவு ரவுண்ட்ஸ் முடித்து வீட்டுக்குப் போகும் முன் ஒருமுறை நிலையத்தை எட்டிப் பார்ப்பது. ஏங்கலின் அறிக்கையை மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். நீங்கள் கூடவே நிற்பவராக இருந்தால், கையைக் கட்டுப்படுத்துவதிலும் கூடவே நில்லுங்கள்.

2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டங்களால் ஒரு நல்ல வாய்ப்பும் கிடைத்திருக்கிறது. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆவது பிரிவு. ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். இதெல்லாம் உங்கள் தலைமுறைக்குச் சுலபம், உங்கள் எஸ்.எஸ்.ஐ.க்குப் பயம். பஞ்சாயத்தில் யார் பேச்சை ஊர் கேட்கும் என்பது அவருக்குச் சுலபம், உங்களுக்குத் தெரியாது. ஒரு வழக்கை இருவரும் சேர்ந்து கடைசிவரை எடுத்துச் செல்லுங்கள். செல்போனில் எடுத்ததைப் பத்திரமாகச் சேர்த்துவைப்பதை அவருக்குக் காட்டுங்கள். சாட்சியிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்பதை அவரிடம் பாருங்கள்.

துறை என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், மூன்று விஷயம் எனக்கு உறுதியாகப் படுகிறது. எஸ்.எஸ்.ஐ. ஆகும் முன் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரமாவது மேற்பார்வைக்கென்றே பயிற்சி தர வேண்டும், அதில் சட்ட வகுப்பு வேண்டாம், நிலையங்களில் நடந்த நிகழ்ச்சிகளை வைத்துப் பேசினால் போதும். புதிய எஸ்.ஐ.க்களை முதல் ஆறு மாதம் காலியிடம் எங்கேயோ அங்கே போடாமல், ஆட்களை நன்றாக நடத்துகிற ஆய்வாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே போட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் யார் யார் என்பது ஒவ்வொரு உட்கோட்டத்திலும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதாக, பயிற்சிப் பள்ளிக்கு மாற்றுவது தண்டனை என்ற எண்ணம் போக வேண்டும். களத்தில் சிறந்தவர்கள் இரண்டு ஆண்டு வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் இடமாக அது மாற வேண்டும். ஒரு காலத்தில் சென்னை மாகாணம் முழுவதற்குமான காவல் அதிகாரிகள் வேலூர்க் கோட்டைக்கு வந்துதான் பயின்றார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு இதை ஆசைப்படுவதில் தவறில்லை.

நீங்கள் கேட்ட படிப்புக்கு வருகிறேன். அரசு ஊழியர்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பயிற்சித் தளமான ஐகாட் கர்மயோகியில் தலைமைப் பண்பு பற்றிய பாடங்கள் இருக்கின்றன, நேரம் கிடைக்கும்போது பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து நம் துறை தொடங்கிய காவலர் நிறைவாழ்வுப் பயிற்சிக்கு வாய்ப்பு வந்தால் தட்டிக்கழிக்காமல் போங்கள், உங்கள் எஸ்.எஸ்.ஐ.யையும் அனுப்புங்கள். தூக்கம், குடி, குடும்பச் சண்டை, தற்கொலை எண்ணம் பற்றிக் காவலர்கள் வாய்திறந்து பேசும் அரிய இடங்களில் அது ஒன்று. சான்றிதழுக்காக மேலாண்மைப் பட்டயம் படிப்பது உங்கள் விருப்பம். அதனால் உங்கள் நிலையத்தில் ஏதாவது மாறும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எனக்கே நிச்சயமில்லாத ஓர் இடமும் உண்டு. உங்கள் ஆய்வாளர் தினமும் மைக்கில் கத்துகிறவராக இருந்தால், நீங்கள் கீழே எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அது எத்தனை நாள் நிற்கும்? சில நிலையங்களில் ஒரு நல்ல எஸ்.ஐ.யால் எல்லாம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் அந்த எஸ்.ஐ.யே ஆறு மாதத்தில் மேலிருந்தவரைப் போல மாறிவிட்டதையும் பார்த்திருக்கிறேன். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ராஜஸ்தான் சோதனையில் இடமாற்றத்தை நிறுத்தியது பலன் தந்தது என்பது ஒரு துப்பு. ஆனால் அது உங்கள் கையில் இல்லை.

உங்கள் கையில் இருப்பது ஒன்றைச் சொல்கிறேன். அடுத்து எந்தக் கிராமத்தில் எருது விடும் விழா பந்தோபஸ்து வந்தாலும், முந்தைய நாள் சாயங்காலம் உங்கள் எஸ்.எஸ்.ஐ.யை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் நடங்கள். மாடு எங்கே திரும்பும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் காட்டுகிற இடத்தில் தடுப்பு கட்டச் சொல்லிவிட்டு, அன்று என்ன நடந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள், தம்பி. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.